கீழ்வீட்டுக்கும் ஒரு குசினி

மகன்,

நீ ஞாயிற்றுக்கிழமை என் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டுப் போன வரைபடம் இன்று காலைவரை அதே இடத்தில்தான் கிடந்தது. தாள் சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் நீ வைத்த சாமான்களைக்கூட நான் எடுக்கவில்லை. உப்புப் போத்தல், என் கண்ணாடிக் கூடு, அம்மாவின் பழைய மணிக்கூடு, தேயிலைப் பேணி. மூன்று நாளாக மேசையின் ஓரத்தில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓம் என்று சொன்னால் போதும், வீடு கீறித் தந்தவர் நகரசபைக்கு அனுப்பிவிடுவார் என்றாய். ஓம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அதைச் சொல்லாமல் இத்தனை பக்கம் எழுதுகிறேனே என்று எரிச்சல்படாதே. நேரே கதைத்தால் பாதியில் எனக்குக் கோபம் வரும், என்னைப் பார்த்து உனக்கும் வரும். கடிதம் என்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது. இதை ஆரணிக்கும் வாசித்துக் காட்டு. தாய் தகப்பனோடு சேர்ந்து வீடு கட்டப்போகிற உன் வயதுப் பிள்ளைகள் வேறு யாரும் கேட்டாலும் கொடு. நான் மறைத்து வைத்திருக்க வேண்டிய வயது முடிந்துவிட்டது.

வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே நீயும் ஆரணியும், வரப்போகும் பிள்ளையும். கீழே எனக்கு ஒரு படுக்கையறை, ஒரு இருக்கும் அறை, வாசல் தனி. நாளைக்கு எனக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் இடிக்காத அகலக் கதவு. குளியலறையில் படி இல்லை, பிடித்து எழும்பக் கம்பி உண்டு, தரைக்குச் சூடு உண்டு. பெரிய யன்னல் வெளியே நிற்கும் பேர்ச் மரத்தைப் பார்க்கிறது. அந்தப் பகுதியின் நடுவில் நீயே பென்சிலால் 'அப்பா' என்று எழுதியிருந்தாய். அம்மா போய் இந்த மூன்று வருடமும் ஒஸ்லோவின் இந்த மூலையில், ஹொல்ம்லியாவில், நான் தனியே இருப்பது உன்னை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. பிறகு விரலால் ஒவ்வொரு சுவராகத் தடவிக்கொண்டு வந்தேன். ஒரு தரம் சுற்றி முடித்து இன்னொரு தரமும் சுற்றினேன். கீழே குசினி இல்லை.

"அப்ப தேத்தண்ணி எங்கை ஊத்திறது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அப்பா, தெ கோர் ஃபீன்ட்! ஒரு பிரச்சினையும் இல்லை. உள்ளுக்காலை படி வருது, நடுவிலை கதவுகூட இல்லை. மேலை வாங்கோ. ஒரே வீடுதானே!" ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இவ்வளவு காலம் கஷ்டப்பட்டது காணும். இனி நீங்கள் அடுப்படியிலை நிக்கக்கூடாது. நான் செய்து தாறன்" என்றாள். அவள் மனதில் கள்ளமில்லை. வாய்க்காகச் சொல்கிற பிள்ளையும் இல்லை அவள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் இருவரும் சந்தோஷமாகப் போனீர்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து அந்தத் தாளுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. ஏனென்றால் அப்படி ஒரு வரைபடத்தை நான் முன்பே ஒரு தரம் கீறியிருக்கிறேன்.

வீடுகளைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்பதை நீ மறுக்க மாட்டாய். அப்பாவுக்கு வக்த்மெஸ்தர் வேலை, கட்டடம் பார்க்கிறவர் என்று சொல்லி மற்றத் தகப்பன்மார் முன்னால் நீ கொஞ்சம் கூச்சப்பட்ட காலமும் இருந்தது. எனக்குத் தெரியும், அதை விடு. கட்டடத்தைப் பராமரிக்கிறவன் ஒரு வீட்டுக்குள் அடைத்த குழாயோடு நுழைகிறான். அந்த நேரம் வீட்டுக்காரர் யாரும் வேஷம் போடுவதில்லை. இந்த நகரத்தில் பல குடும்பம் சேர்ந்து இருக்கிற வீடு எத்தனை விதமோ, அத்தனையின் நிலக்கீழ் அறையிலும் நான் முழங்காலில் நின்றிருக்கிறேன். நீ பிறந்த ரொம்சோஸ் புளொக்கில் ஒரு வாசலுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட குடும்பம். அம்மா கிரைண்டர் போட்டால் கீழ்வீட்டுக் கிழவி செருப்போடு ஏறி வந்து, கூரையைத் துளைக்கிறீர்களா என்று கேட்பாள். அம்மா தோசை சுட்டுக் கொடுப்பாள், அவள் வாங்கிக்கொண்டு போய்க் குடியிருப்புச் சங்கத்துக்கு முறைப்பாடும் எழுதுவாள். ஆனால் முறைப்பாடு தாளில் வரும், பதிலும் தாளில் போகும். உடுப்புத் தோய்க்கும் அறைக்கு முறை குறிக்கிற பலகை, பலகையில் உன் நேரத்துக்கு உன் சின்னப் பூட்டு. வசந்தத்தில் டுக்னாட் என்று ஒரு பொதுவேலை நாள் வைத்து எல்லாரும் முற்றம் கூட்டுவோம், வாஃபிள் சாப்பிடுவோம், கதவைச் சாத்திக்கொள்வோம். யாரும் யாருக்கும் சொந்தமில்லாதபடியால் எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது.

பிறகு வரிசை வீடுகளில் வேலை செய்தேன். ஒரே நீளத்தில் பத்து வீடு, பக்கச் சுவர் பொது, முன்னுக்கு ஒரு பாய் அகலத்துக்குத் தோட்டம். அங்கே வேலியின் உயரத்துக்கும், யார் தள்ளிய பனி யாருடைய பக்கம் விழுந்தது என்பதற்கும்தான் கோபம். நாலு குடும்ப வீடுகள் என்று மரத்தில் கட்டின பழைய வீடுகள் இருக்கின்றன, கீழே இரண்டு மேலே இரண்டு, நடுவில் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டை இந்தக் கிழமை யார் கழுவுவது என்பதில் பேச்சுவார்த்தை நின்றுபோன அயலவர்களை எனக்குத் தெரியும். இரண்டு குடும்ப வீட்டிலும் இரண்டு சாதி உண்டு. பக்கத்துக்குப் பக்கம் பிரித்தால் இருவருக்கும் தங்கள் கூரை, தங்கள் மண். மேலும் கீழுமாகப் பிரித்தால் மேலே நடக்கிறவருக்குத் தன் பாதத்தின் பாரம் தெரியாது, கீழே இருக்கிறவருக்கு அது ஒவ்வொன்றும் தெரியும். உன் வரைபடம் அந்த இரண்டாவது சாதி. அது பிழை என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை சுவர் இருந்த இடத்தில் சண்டை குறைவு. படிக்கட்டிலும் தோய்க்கும் அறையிலும் குப்பைப் பெட்டியடியிலும்தான் ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். இதை ஊர் உலகத்துக்கெல்லாம் விளங்கப்படுத்தின நான், என் சொந்த வீட்டில் என்ன செய்தேன் என்று இனிச் சொல்கிறேன்.

எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். பச்சை மரப்பலகை, மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. உன் சித்தப்பாவும் நானும் சேர்ந்து வாங்கினோம். நான் மூத்தவன் என்பதால் கீழே நாங்கள், மேலே அவரும் சித்தியும். அவர்கள் கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தி மட்டக்களப்பு. அதைப் பற்றி நான் வெளியே ஒன்றும் சொல்லவில்லை, உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரன் என்ற அந்தப் பெருமை எனக்கு இருந்தது, கேவலமான பெருமை. தம்பியை அந்தப் பெண் தன் பக்கம் இழுத்துவிடுவாள் என்று காரணமில்லாமல் பயந்தேன். ஆகவே முதல் நாளே சொல்லிவிட்டேன்: "ரெண்டு வீடு எண்டு ஆரும் நினைக்கக்கூடாது. நாங்கள் ஒரு குடும்பம். ஒரு அடுப்புத்தான்." நடுவில் இருந்த கதவைக் கழற்றினேன். உள்ளே படி வைத்தேன். நகரசபையிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிற வேலையில்தான் அப்போது இருந்தேன்.

பிறகு சாமியறைப் பிரச்சினை வந்தது. கீழே சாமி வைத்தால் அதற்கு மேலே ஆட்கள் நடப்பார்கள், கக்கூசும் வரும். அது ஆகாது. மேலேதான் வைக்க வேண்டும். மேல்வீட்டில் குளியலறைச் சுவர் தொடாமல், கிழக்கு யன்னலோடு இருந்தது ஒரே ஒரு அறைதான். அது அவர்களுடைய குசினி. எனக்கு அதில் ஒரு யோசனையும் வரவில்லை. கீழேதான் பெரிய குசினி இருக்கிறதே, இரண்டு எதற்கு என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமையில் அலுமாரிகளைக் கழற்றினேன், தண்ணீர்க் குழாயை அடைத்தேன், அடுப்பை முற்றத்தில் வைத்தேன். அந்த அடுப்பைப் புதிதாக வாங்கி ஏழு கிழமைதான். சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான், ஒரு சின்ன அடுப்பாவது..." என்று தொடங்கினார். "சாமி வாற இடம், பிள்ளை" என்று சொன்னேன். சாமியை முன்னால் வைத்துக் கதைத்தால் யார் எதிர்த்துக் கதைப்பது? அம்மா சந்தோஷப்பட்டா. நானும் பெருமைப்பட்டேன். ஒஸ்லோவில் இவ்வளவு அழகான சாமியறை யாரிடமும் இல்லை என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதை இப்போது யோசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் விடிய ஆறு மணிக்கு விளக்கேற்ற மேலே போவோம். அவர்களுடைய படுக்கையறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைத் தட்டிப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை, தட்டக் கதவும் இல்லை. சித்தி தேத்தண்ணி குடிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி வர வேண்டும். வந்தால் அம்மா அங்கே நிற்பா. அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் மற்றவரின் அடுப்பில் ஒரு கேத்திலை வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் முகத்தைப் பார்க்கத்தானே வேண்டும். நாளுக்கு ஐந்து தரம் அந்தப் பெண் அப்படிப் பார்த்தார். மாதத் துடக்கு நாட்களில் தன் வீட்டு நடையில் தானே சுவரோரமாக ஒதுங்கி நடந்தார். அம்மாவும் நல்லவ, சித்தியும் நல்லவர், நானும் என்னை நல்லவன் என்றுதான் நினைத்திருந்தேன். வாய்த்தர்க்கம் ஒன்றுகூட நடக்கவில்லை. நான் அதை ஒற்றுமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சித்திக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் மத்தியானம் வந்து, கைகால் கழுவிக்கொண்டு சாமியறைக்கு ஏறினேன். மீன் மணத்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை என்பது உனக்குத் தெரியும். மணத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். மேல் குளியலறையில், தோய்க்கிற மெசின் மேலே, ஒரு ஒற்றை மின்சார அடுப்பு. அதில் ஒரு சின்னச் சட்டி, சட்டியில் மீன்சொதி. சித்தி பிள்ளையைத் தோளில் போட்டபடி கரண்டியோடு நின்றார். "நெருப்புப் பிடிச்சால் ஆர் பதில் சொல்லுறது? குளிக்கிற இடத்திலை கறன்ட் அடுப்போ?" என்று கத்தினேன். அது வேலைக்காரன் கதை, அது சரியான கதையும்தான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "சாமியறைக்குப் பக்கத்திலை, வெள்ளிக்கிழமையிலை! இந்த வீட்டிலை ரெண்டு அடுப்பு எரியாது" என்றேன். சித்தப்பாவும் அம்மாவும் ஓடி வந்துவிட்டார்கள். சித்தி அழவில்லை அப்போது. மெதுவாகத்தான் சொன்னார்: "அத்தான், பிள்ளைக்குப் பால் காணாது. மீன்சொதி குடிச்சால் ஊறும் எண்டு என்ரை அம்மா ரெலிபோனிலை சொன்னவ. கீழை வெள்ளிக்கிழமையிலை கேக்க ஏலாதுதானே."

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடியது எத்தனையோ இருந்தது. நான் வயரைப் பிடுங்கி, சட்டியை இறக்கி, அந்த அடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியால் இறங்கினேன். சித்தப்பா பின்னால் வந்து, "அண்ணை, அதைக் குடுங்கோ" என்றார். ஒரே ஒரு தரம்தான் கேட்டார். கொடுக்கவில்லை. படியின் கீழே நீ நின்றாய், ஏழு வயது, பள்ளிக்கூடப் பை முதுகில். மேலே சித்தி அழத் தொடங்கியிருந்தார். "சித்தி ஏன் அழுறா?" என்று கேட்டாய். "சித்திக்கு எங்களோடை இருக்க விருப்பமில்லை, மகன். அதுதான்" என்று சொன்னேன்.

நீ அந்தப் பொய்யில்தான் வளர்ந்தாய். இரண்டு மாதத்தில் அவர்கள் ரொம்சோஸில் ஒரு புளொக்குக்குப் போனார்கள். சித்திதான் குடும்பத்தைப் பிரித்தவர் என்று நீ நினைத்தாய், நான் திருத்தவில்லை. உன் கலியாணத்துக்குப் பெயர் எழுதும்போது "சித்தி வராட்டிலும் எனக்குப் பரவாயில்லை" என்றாய். நான் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் அவர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். நீயும் ஆரணியும் மேசை மேசையாகப் போய்ப் படம் எடுத்தபோது அந்த மேசையைத் தாண்டிப் போனீர்கள். அவர்கள் சாப்பிடாமல் எழும்பிப் போனதை நான் கண்டேன். எழும்பிப் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். எனக்குப் பக்கத்தில் இருந்தவரோடு பார்க்கிங் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் என்னை அதிகம் சுடுகிறது. அவர்கள் போனபின் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. குசினி இல்லாத மேல்வீட்டைத் தனிவீடு என்று விற்க முடியாது என்றார்கள். சாமிப்படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே அறையில் நானே குழாயைத் திறந்தேன், அலுமாரி பூட்டினேன், புது அடுப்பு வைத்தேன். நாலு நாள் வேலை. யாரென்றே தெரியாத ஆட்களுக்குக் குசினி கட்டிக் கொடுத்தேன், மகன். என் தம்பியின் பெண்சாதி ஒரு சின்ன அடுப்புக் கேட்டபோது கொடுக்கவில்லை.

அம்மாவின் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் உனக்கு ஞாபகமா? நீ வேலைக்குப் போக வேண்டும் என்று காலையில் புறப்பட்டாய். பின்னேரம் வந்து பார்த்தபோது அடுப்பில் மீன்சொதி இருந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்டாய், தெரிந்த ஆட்கள் என்றேன். முப்பத்தொரு நாள் மரக்கறிக்குப் பிறகு வீட்டில் முதல் மச்சம் யாராவது உறவு சமைத்துத் தர வேண்டும். எனக்கு இந்த நகரத்தில் இருக்கிற உறவு யார்? ரொம்சோஸிலிருந்து சுரங்க ரயிலில் வந்து, பிறகு ஹொல்ம்லியா ரயிலில் ஏறி, மடியில் சட்டியை வைத்துக்கொண்டு வந்தவர் சித்திதான். வாசலில் நின்றபடி தந்தார். "அக்கா இருந்தால் தானே செய்திருப்பா" என்றார், அவ்வளவுதான். நான் "உள்ளை வாங்கோ" என்று சொல்லி முடிக்கும் முன்னே லிஃப்ட் கதவு மூடிவிட்டது. அந்தச் சொதியை நான் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தும் கேட்கவில்லை.

இனி உன் வரைபடத்துக்கு வருகிறேன். அம்மா போனபிறகுதான் நான் சமைக்கப் பழகினேன். சோறு, பருப்பு, ஒரு கீரை, முட்டை. உப்புக் கூடும், குறையும். விடிய ஐந்தரைக்கு எழும்பிப் பழகின உடம்பு, எழும்பினால் தேத்தண்ணி வேண்டும். உன் வீட்டில் அந்த நேரம் நான் படியேறி உங்கள் படுக்கையறையைத் தாண்டி வந்து கேத்திலை வைக்க வேண்டும். சத்தம் கேட்டு ஆரணி எழும்புவாள், இரவெல்லாம் பிள்ளையோடு முழித்தவள். நாலு நாள் போனால் அவளே பிளாஸ்க்கில் ஊற்றிக் கீழே வைத்துவிடுவாள், அன்பாகத்தான். நான் ஆறின தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நல்லாயிருக்கு பிள்ளை என்பேன். எனக்குப் பசித்தாலும் சொல்ல மாட்டேன், அவளுக்குக் களைத்தாலும் சொல்ல மாட்டாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எவ்வளவு ஒற்றுமையான குடும்பம் என்பார்கள். அந்தப் பாராட்டை நான் ஒரு தரம் வாங்கியாகிவிட்டது.

அதனால் கீழே ஒரு குசினி வை. பெரிதாக வேண்டாம். யன்னலோரம் இரண்டடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கேத்தில் வைக்க இடம், ஒரு ஆள் இருந்து சாப்பிட மேசை. உள்ளே படி இருக்கட்டும். பிள்ளை தவழ்ந்து இறங்கி வருகிற காலம் வரும், அப்போது அந்தப் படி எனக்கும் வேண்டும். ஆனால் படிக்கு மேலே ஒரு கதவு போடு, இரண்டு பக்கமும் கொண்டி வை. ஆரணி தன் பக்கம் போடலாம், நான் என் பக்கம் போடலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. நான் மேலே வரும்போது தட்டிவிட்டு வருவேன். இந்த வயதில் பழகுவது கஷ்டம்தான், பழகிக்கொள்கிறேன். சாமியறையை எங்கே வைப்பது என்று ஆரணியைக் கேள், என்னைக் கேட்காதே. அவள் எங்கே சொல்கிறாளோ அங்கே கும்பிடுவேன்.

இவ்வளவையும் உனக்கு எழுதும் முன் சொல்ல வேண்டிய ஆள் இன்னொருவர் இருந்தார். இன்று காலை வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரொம்சோஸுக்குப் போனேன். போகும் முன் நிலக்கீழ் சாமான் அறையைத் திறந்து, ஒரு பெட்டிக்குள்ளிருந்து அந்த ஒற்றை அடுப்பை எடுத்தேன். ஓம், இருபத்தாறு வருடமாக அது என்னிடம்தான் இருந்தது. எறியவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு வீடு மாறும்போதும் மற்றச் சாமான்களோடு அதையும் தூக்கிக்கொண்டு போனேன், அம்மாவுக்குக்கூடக் காட்டாமல். பாறைக்குள் இருக்கும் அந்த ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வரும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் நின்றேன்.

சித்தப்பா பஸ் ஓட்டப் போயிருந்தார். சித்தி கதவைத் திறந்து, என்னைக் கண்டு பயந்துவிட்டார். "அத்தான், தம்பிக்கு ஏதுமோ?" என்றார். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார், மகன். நீ அவருடைய மேசையைத் தாண்டிப் போனவன். ஒன்றுமில்லை என்று சொல்லி உள்ளே போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வரைபடத்தை விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மேல்வீட்டைப் பார்த்தார், நல்ல வெளிச்சம் என்றார். பிறகு கீழே வந்தார். 'அப்பா' என்று நீ எழுதியதை வாசித்து மெல்லச் சிரித்தார். விரலால் சுவரோரமாகத் தடவிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அத்தான், உங்கடை குசினி எங்கை?"

பைக்குள்ளிருந்து அந்த அடுப்பை எடுத்து வரைபடத்துக்கு மேலே வைத்தேன். "பிள்ளை, நான் உங்களுக்குச் செய்தது பெரிய பிழை" என்றேன். அழுதேன், அதை மறைக்கவில்லை. சித்தி வயரைக் கையில் எடுத்துச் சுற்றிவைத்தார். பிறகு எழும்பிப் போய்த் தன் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"எனக்கு இப்ப நாலடுப்பு இருக்கு, அத்தான். உங்களுக்குத்தான் இல்லை. நீங்களே வைச்சிருங்கோ."

அவர் குத்திச் சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் ஊற்றின தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். கீழே, யன்னலோரம், பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். நான் கேட்க, சித்தி கீறியது. அதை அழிக்காமல் அனுப்பினால் வெள்ளிக்கிழமைக்கு என் பதில் ஓம். வீடு குடிபுகுகிற அன்று மேலே ஆரணி பால் காய்ச்சட்டும். கீழே என் அடுப்பில் சித்தி காய்ச்ச வேண்டும். ரெலிபோனில் சொல்லாதே, நீ ரொம்சோஸுக்குப் போய், கதவைத் தட்டி, நின்று கூப்பிடு. வர மாட்டேன் என்றால் அதைக் கேட்டுக்கொண்டு வா. வந்தால், அவர் பற்றவைத்த பிறகுதான் நான் உன் வீட்டுக்குள் வருவேன். அதுவரை வெளியே அந்தப் பேர்ச் மரத்துக்குக் கீழே நிற்கிறேன்.

அப்பா